இடது கைதானே

அம்மாவின் தோள்பட்டை மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்னால் நான் போட்ட பட்டியலில் நாற்பத்து மூன்று வரிகள் இருந்தன. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எது எங்கே உடையும் என்று அது உடைவதற்கு முன்பே எழுதிவைக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தில் செம்பாக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டையும் அறை அறையாகப் பிரித்துக்கொண்டேன்.

சமையலறையில் மேல்தட்டிலிருந்த டப்பாக்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. ஆறு வாரம் சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும் என்பதால் தலையணைகள் நான்கு. முன்பக்கம் முழுக்கத் திறக்கும் நைட்டிகள் ஆறு. குளியலறையில் வழுக்காத விரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கதவை உள்ளே தாழிடக் கூடாது என்று ஒரு விதி. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் இரண்டு வழிகளிலும் ஸ்கூட்டரில் போய் வேகத்தடைகளை எண்ணினேன். கேம்ப் ரோடு வழியில் குறைவு. அதையும் எழுதினேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுப் பட்டியலையும் படித்தாள். தபால் அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள்; எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டாள்.

“என் கல்யாணத்துக்கே இவ்ளோ பெரிய லிஸ்ட் போடலடி” என்றாள்.

அப்பா போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் எங்கள் மாடிப்படியில் வழுக்கி அம்மா இடது தோளை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, மூட்டு தேறவில்லை. கொடியில் துணி போடக் கையைத் தூக்க முடியவில்லை. பிறகு இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கடைசியில் மூட்டையே மாற்றிவிடலாம் என்றார்கள்.

செய்தி கேட்ட எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். “இடது கைதானே!” எதிர்வீட்டு அக்கா இதைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றியும் சொன்னார். அம்மாவின் பழைய அலுவலகத் தோழி தொலைபேசியில் சொன்னார். நானும் சொன்னேன். சாப்பிடும் கை, கையெழுத்துப் போடும் கை, விபூதி எடுக்கும் கை எல்லாம் வலதுதான். இடது கை ஆறு வாரம் சும்மா இருந்தால் என்ன நின்றுபோகும் என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சை நிபுணர் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை வைத்து விளக்கினார். நம் உடம்பில் கை எலும்பின் முனை பந்து, தோள் பக்கம் கிண்ணம். புது மூட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். “கை முதுகுப் பக்கம் போனா கழண்டுடலாம். மூணு மாசத்துக்குக் கையை முதுகுப் பக்கம் கொண்டு போகவே கூடாது” என்றார். கொடுத்த தாளில் படங்கள் இருந்தன. ஓர் ஆண் சட்டையைப் பின்பக்கம் செருகுகிறான், ஒரு பெண் உள்ளாடைக் கொக்கியைப் பின்னால் மாட்டுகிறாள். இரண்டின் மேலும் சிவப்புக் குறுக்குக் கோடு. முன்பக்கம் திறக்கும் நைட்டிதான் வாங்கியாயிற்றே என்று என் பட்டியலில் உடை பற்றிய வரியை அடித்துவிட்டேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனையில் இருந்த மூன்று நாளும் கழிப்பறைக்கு ஓர் ஆயாம்மா கூடப் போனார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். வலியால் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினேன். மாத்திரை, ஐஸ் ஒத்தடம், விரல் பயிற்சி, காய்ச்சல், சாப்பாடு, தண்ணீர். முதல் நாள் தண்ணீர் எட்டு டம்ளர். மூன்றாம் நாள் ஐந்து. ஆறாம் நாள் இரண்டு. இட்லி நான்கிலிருந்து ஒன்றுக்கு வந்தது.

“மாத்திரை வாயெல்லாம் கசக்குது” என்றாள் அம்மா.

மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சில மாத்திரைகளுக்குப் பசி மந்திக்கும் என்றார்கள். பசிக்கு ஒரு டானிக் வாங்கினேன். மலச்சிக்கலுக்குப் பப்பாளி நறுக்கி வைத்தேன். அதை அவள் தொடவேயில்லை.

எட்டாம் நாள் காலை நான் அலுவலகக் கூட்டத்தில் மடிக்கணினி முன்னால் இருந்தேன். குளியலறையில் மக் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் தட்டத் தட்டப் பதில் இல்லை. சிறிது நேரம் கழித்து அம்மா தானாகவே திறந்துகொண்டு வந்தாள். முகமெல்லாம் வியர்வை. கையைத் தாங்கும் ஸ்லிங்கின் பட்டை தலைகீழாக மாட்டியிருந்தது. இடது கை முழங்கை வரை ஈரம்.

“கையை எடுத்தியாம்மா?”

“இல்ல.”

“ஸ்லிங் நனைஞ்சிருக்கு.”

“தண்ணி தெறிச்சிருக்கும்.”

“வலிக்குதா?”

கட்டிலில் போய் உட்கார்ந்தாள். வலது கையால் இடது தோளை மூடிக்கொண்டாள். “உள்ள ஏதோ நகர்ந்த மாதிரி இருந்துது” என்றாள்.

மூட்டு கழன்றிருந்தால் மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டும், ஒருவேளை மறுபடி திறக்கவும் வேண்டும். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தபடியே பேச்சுக் கொடுத்தார்.

“இன்னாம்மா, கையில கட்டு? லெஃப்ட்டா? வுடு, சோத்துக் கை நல்லா கீதுல்ல, அது போதும்.”

கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது, அம்மா வெளியே பார்த்தபடி எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

“ஒரு வாரமா வலது கையாலதான் கழுவிண்டிருந்தேன். சோப்பு போட்டு மூணு தடவ தேய்ச்சாலும் அந்தக் கை சோத்தோட வாய்கிட்ட வரும்போது குமட்டுது. அதான் சாப்பாட்டைக் கொறச்சேன். சாப்பிட்டாத்தானே போகணும். இன்னிக்கு என்னால முடியல. பழைய கையே செய்யட்டும்னு எடுத்துட்டேன்.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா.”

“உன்னைக் கூப்பிடறதுக்கு இது கழண்டே போகட்டும்னு தோணிச்சு.”

சிக்னல் விழுந்தது. அட்டவணையில் குறைந்துகொண்டே வந்த எண்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றையும் நானே பேனாவால் எழுதியிருந்தேன்.

எக்ஸ்ரே எடுத்தபிறகு முக்கால் மணிநேரம் காத்திருந்தோம். அம்மா எதிர்ச்சுவரிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டு அதன் இடத்தில்தான் இருந்தது. தையல் போட்ட தசை இழுபட்டிருக்கிறது, ஸ்லிங்கை இரண்டு வாரம் கூடுதலாகப் போட வேண்டும் என்றார் நிபுணர். எப்படி ஆயிற்று என்று கேட்டார். “தெரியாம அசைச்சுட்டேன்” என்றாள் அம்மா. அவர் ஏற்றுக்கொண்டார்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண் ஏற்றுக்கொள்ளவில்லை. என் வயதுதான் இருக்கும். அம்மாவின் கையைத் தன் மடியில் வாங்கி விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே, வெற்றிலை வாங்கியாச்சா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

“எந்தக் கையால கழுவறீங்கம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“லெஃப்ட் தோளு மாத்தினவங்க எல்லார்கிட்டயும் இதான் முதல்ல கேட்டிருக்கணும். போன வாரம் நான் லீவு, உங்களைப் பாக்காம விட்டுட்டேன். வலது கையாலதான் செய்யணும்மா. இல்லன்னா பொண்ணு செய்யட்டும்.”

“அவ வேணாம்.”

“அப்ப வலது கை. சோப்பு இருக்கு, தண்ணி இருக்கு. நாங்க நாள் முழுக்க எதை எதைத் தொடறோம்! நாங்க சாப்பிடலையா?”

“நீங்க வேலைக்குத் தொடறீங்க” என்றாள் அம்மா. அது என்ன நியாயம் என்று பிசியோ கேட்கவில்லை. சிரித்துவிட்டு அடுத்த விரலைப் பிடித்தார்.

அன்று மதியம் வீட்டில் தட்டை வைத்துவிட்டு ஸ்பூனை எடுத்து வந்தேன். அம்மா தலையை ஆட்டினாள்.

“ஸ்பூனையும் அந்தக் கைதானே பிடிக்கணும்.”

“அப்ப என்னதாம்மா செய்யலாம்?”

நெடுநேரம் யோசித்தாள். கவுண்டரில் ஒரு சிக்கலான விண்ணப்பம் வந்தால் இப்படித்தான் யோசித்திருப்பாள் போலும்.

“வலது கை அந்த வேலையப் பாக்கட்டும். சோறு நீ ஊட்டு” என்றாள்.

எனக்கு அந்தக் கணக்கு அன்று முழுதாகப் புரியவில்லை. மகள் கழுவிவிடக் கூடாது, மகள் ஊட்டலாம். இரண்டில் எது அவளிடமிருந்து எதை எடுக்கும் என்பதை அவள்தான் முடிவு செய்ய முடியும் என்று மட்டும் தெரிந்தது. அலுவலக நாட்காட்டியில் மூன்று வேளையும் அரை மணிநேரம் அடைத்துவைத்தேன். காரணம் எழுதவில்லை.

ஊட்டுவது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. முதல் உருண்டை பெரிதாகிவிட்டது. “லட்டா பிடிக்கற?” என்றாள். ரசம் சாதம் விரலிடுக்கில் ஒழுகியது. இன்னும் கெட்டியாகப் பிசையச் சொன்னாள். எவ்வளவு நேரம் மெல்லுவாள், எப்போது தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் அவள் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. நாங்கள் அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. தண்ணீர் மறுபடி எட்டு டம்ளரானது. நான் எழுதுவதை நிறுத்தினேன்.

ஒருநாள் நான் ஊட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அக்கா தான் கொடுத்திருந்த பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்தார்.

“வலது கை நல்லாத்தானே இருக்கு? சின்னக் குழந்தையா நீங்க?”

“என் பொண்ணு ஊட்டறா, நான் சாப்பிடறேன். உனக்கு வேணும்னா நீயும் வாயைத் திற” என்றாள் அம்மா. அக்கா சிரித்துக்கொண்டே போனார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாய்க்காகக் காத்திருந்தாள்.

மூன்று மாதம் முடிந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோகும் பயிற்சி தொடங்கியது. முதல் வாரம் இடுப்பு எலும்பு வரைதான். அடுத்த வாரம் துண்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு விரல் அளவு. ஒவ்வொரு முறையும் அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று, விடச் சொல்வேன்.

ஒரு காலையில் குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். தட்டவில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது, மறுபடி வந்தது, நின்றது. வெளியே வந்து இரண்டு கையையும் சோப்பு போட்டுக் கழுவினாள். மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

“குடு” என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வலது கையால் பிட்டு வாயில் வைத்தாள். மென்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் விரல்களில் சாம்பார் சொட்டிக்கொண்டிருக்க, நான் அப்படியே நின்றேன்.

“கையில இருக்கறதை நீ சாப்பிடு” என்றாள்.

நின்றபடியே சாப்பிட்டேன்.