ஊன்றினால்தான் ஓடும் நீர்

கொழுந்து பறிக்கப் போன மலையில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எனக்கு எலும்பு முறிந்தது. கம்பி வைத்தும் கூடவில்லை. பதுளையில் டொக்டர் அம்மா, புதிதாகச் சோதித்துப் பார்க்கும் ஒரு சின்னக் கருவியை எலும்புக்குள் வைத்தார். காலை ஊன்றும்போது அதிலுள்ள பை அமுங்கி முறிவுக்குள் நீரைத் தள்ளுமாம். நீர் ஓடினால் எலும்பு வளருமாம்.

"தடியைப் பிடிச்சிக்கிட்டு, அளவா ஊன்றி நடங்க. நடக்காட்டி அது சும்மாதான் கெடக்கும்" என்றார்.

எங்கள் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி இருக்கும் அந்த வரிசை வீடுகளில், அது யார் காதில் ஏறியது? கால் முறிந்தவளைத் தரையில் நடக்கவிட்டால் லயத்துக்கே அவமானம். கக்கூசுக்குக்கூட என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அக்காவும் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். "ஒனக்கென்ன புள்ள, மகாராணி!" என்று கேலி வேறு. நானும் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தடவை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டொக்டர் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "முறிவு அப்படியே இருக்கே. நடக்கவே இல்லையா? இப்பிடியே போனா கருவிய எடுத்துரணும். அப்புறம் நீங்க மலை ஏறவே முடியாது."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மலை ஏறாமல் நான் என்ன செய்வேன்? அன்பு அன்பு என்று என் காலைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம் பார்த்து, எல்லாரும் பார்க்கத் தடியோடு வாசலுக்கு வந்தேன். வீட்டுக்காரர் குறுக்கே நின்றார்.

"அடியே, கால் போயிரும்டி!"

"நீங்க தூக்கித் தூக்கித்தான் போகப் போவுது. வழிய விடுங்க!"

"சொன்னாக் கேளு. வந்து ஒக்காரு."

"ஒக்காந்தது போதும். காலுக்குள்ள இருக்கிறது என்ன சாமிப் படமா, பூப்போட்டு வச்சிருக்க? மிதிச்சாத்தாங்க அது வேலை செய்யும்!"

ஊன்றினேன். உயிர் போய் உயிர் வந்தது. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் நிற்கவில்லை. "திமிரு புடிச்சவ" என்றாள் அக்கா. ஆமாம், திமிர்தான். எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலி வரை போய்த் திரும்பினேன். அடுத்த நாளும் போனேன். மழையிலும் போனேன்.

பிறகு எடுத்த படத்தில் முறிவின்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. "எலும்பு கூடுது!" என்று டொக்டர் அம்மா சிரித்தார்.

"நான்தான் டொக்டர் இவள நடக்க வச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர். அட பாவி மனுசா!

ஆஸ்பத்திரிப் படியைக் கண்டதும் பழக்கத்தில் என்னைத் தூக்கக் குனிந்தார்.

"கைய எடுங்க," என்றேன். "பின்னால வாங்க."