வாசிக்காமல் விட்ட பாதி

பாப்பா, தம்பி, இந்தப் புது வருஷத்தன்று கோயிலில் பைபிள் வசனச் சீட்டுத் தட்டு நம் வரிசைக்கு வந்தபோது, நான் அதில் கை வைக்காமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டதை நீங்கள் ரெண்டு பேரும் பார்த்துவிட்டீர்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஏன், ஏன் என்று கேட்டீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் நம் ஊரில் அன்றைக்குத் தகரக் கொட்டகைதான் கோயில். எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் எடுத்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. புது வருஷக் காலையில் பாஸ்டர் எவர்சில்வர் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வருவார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம் இந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுக்கிற வார்த்தை என்று அவர் சொன்னார். அவர் சொன்னது ஒன்று, நாங்கள் புரிந்துகொண்டது ஒன்று. தியாகதுருகம் சந்தையில் கிளி கூண்டைவிட்டு வந்து சீட்டு எடுத்துக் கொடுக்குமே, அப்படித்தான் எங்கள் வீட்டில் அதை நினைத்தோம். கிளி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். முதலில் அவர் சீட்டைப் படித்தேன். நீண்ட நாள் நன்றாக இருப்பாய் என்று வந்திருந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் வைத்தார். அடுத்து என் சீட்டு. முதல் வரியிலேயே மரணம் என்று இருந்தது. அதை ஒட்டி இருள், பள்ளத்தாக்கு. அதோடு நிறுத்திவிட்டேன். அந்த மார்கழியில்தான் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் காய்ச்சலில் போயிருந்தான். அவன் சிலேட்டுப் பலகை அப்போதும் என் பையில் இருந்தது.

“இன்னாடா, பாதியில நின்னுட்ட?”

“சாவுன்னு போட்டுக்கிது நைனா. இருட்டுன்னு போட்டுக்கிது.”

“அப்பறம்?”

“அவ்ளோதான்.”

அவ்வளவு இல்லை. கீழே இன்னும் ரெண்டு வரி இருந்தது. கண்ணில் தண்ணி கட்டிக்கொண்டதில் எழுத்தெல்லாம் நீந்தியது.

அப்பா அட்டையை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் பையிலிருந்த சீட்டை எடுத்து என் கையில் வைத்து மூடினார்.

“இது உனுது. அது எனுது.”

“மாத்தலாமா நைனா?”

“ரெண்டும் ஒரே வூட்டுக்குத்தான வந்துது. எந்தப் பையில இருந்தா இன்னா.”

எனக்கு அந்த நிமிஷமே பயம் விட்டுப்போச்சு. வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன். அம்மா மட்டும் அப்பாவின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு வெட்கமான இடம். ரெண்டு வாரம் கழித்து ஞாயிறு வகுப்பில் அதே வசனத்தை மனப்பாடம் பண்ண வைத்தார்கள். அந்த இருட்டில் நடந்தாலும் பயமில்லை, கூட ஒருத்தர் வருகிறார் என்பதுதான் மீதி. முதல் ஆளாக ஒப்பித்து மிட்டாய் வாங்கினேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்போ நல்ல சீட்டுதானே, உனுத நீ எடுத்துக்கோ என்று மாற்றிவிடுவாரோ என்ற பயம். மீதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த முதல் சொல் எனக்கு வேண்டாம். அப்பாவுக்குத்தான் எதற்கும் பயமே கிடையாதே, அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாசியில் கல்வராயன் மலையில் புளி உலுக்கும் வேலை ஆரம்பித்தது. ஆம்பளைகள் மரம் ஏறிக் கிளையை உலுக்குவார்கள். அம்மாவும் மற்ற பொம்பளைகளும் கீழே பொறுக்குவார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னையும் வெள்ளிமலை பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் அப்பா ஒரு நிமிஷம் நின்று சட்டைப்பையைத் தொடுவார், உதடு அசையும், அப்புறம்தான் காலை வைப்பார். கூட வேலை செய்த ஒருத்தர், கிண்டல் பண்ணாமல் இருக்க முடியாத ஆள், அதைக் கவனித்துவிட்டார்.

“இன்னா மாமா, தெனம் பைய தடவிக்கினே ஏறுற? அக்கா குடுத்த லெட்டரா?”

“சீட்டுடா.”

“பஸ்ஸு சீட்டா? போற சீட்டா, வர்ற சீட்டா?”

“அதான் தெரில,” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட ஜாஸ்தியாக நான்தான் சிரித்தேன்.

அன்று மத்தியானமே, பெரிய மரம் ஒன்றில், அவர் கால் வைத்த காய்ந்த கொம்பு முறிந்தது. மேல் கிளையைப் பிடித்துத் தொங்கினார். கீழே அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அண்ணாந்தபடி நின்றுவிட்டார்கள். அப்பா எப்படியோ தண்டைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி இறங்கினார். தொடையெல்லாம் சிராய்ப்பு, வேட்டியில் ரத்தம். உட்கார்ந்ததும் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“உன் சீட்டு இருக்குதா? படி.”

கால்சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்தேன். நீண்ட நாள் நன்றாக இருப்பாய்.

“சரியாப் படிச்சியா?”

“படிச்சேன் நைனா.”

“அது போதும்,” என்று சொல்லித் தண்ணி குடித்துவிட்டு மறுபடி அதே மரத்தில் ஏறினார். மீதியைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் புளியம்பழத்தைச் சப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருஷம் ஓடிப்போச்சு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நல்ல சீட்டை முழுப் பரீட்சை வருவதற்குள்ளேயே தொலைத்துவிட்டேன்.

உங்கள் தாத்தா போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வயதாகி, தூக்கத்தில் போனார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையை என்னிடம் கொடுத்தார்கள். ரேஷன் கார்டு போட்டு வைக்கிற உறை. உள்ளே அந்த அட்டை, முனையெல்லாம் மழுங்கி, வேர்வையில் பழுத்து.

“அந்த வருசம் மலைக்குப் போற நாளெல்லாம் சொல்லிட்டுத்தான் போவாரு,” என்றார்கள். “எனக்கு இன்னா ஆனாலும் அது புள்ள சீட்டாலதான்னு அவனுக்குத் தோணவே கூடாதுமே, காலத்துக்கும் மனசுல வெச்சிக்கினு கெடப்பான்னு.”

“பயந்தாராம்மா?”

“பயப்படாம? சோத்துல கைய வெச்சிட்டு அப்டியே எழுந்துடுவாருடா. உனக்கு முன்னாடி காட்டமாட்டாரு.”

சீட்டு மாற்றின அதே வருஷம் ஆடியில், யாரோ ஒருவருடைய அடக்கத்தில் பாஸ்டர் அந்த வசனத்தை முழுசாக வாசித்தாராம். அப்பா வீட்டுக்கு வந்து, மீதியும் இருக்குதாம்மே, கூடவே வர்றாராம், அப்ப நான் ஏறுன மரமெல்லாம் அவரும் ஏறிக்கிறாரு என்று சொல்லிச் சொல்லி அழுதாராம். இவன் ஏன் படிக்கவில்லை என்று அம்மா கேட்கப் போனபோது, புள்ளைய ஒண்ணும் கேக்காத என்று தடுத்துவிட்டாராம். எத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. அந்த அட்டை இப்போது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, அதனால்தான் தட்டிலிருந்து இன்னொன்று எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்பு பயத்தை வெளியே தள்ளிவிடும் என்று கோயிலில் கேட்டிருக்கிறீர்கள். அன்பு உள்ள ஆளுக்குப் பயமே வராது போல என்று எட்டு வயதில் நான் நினைத்தேன். அப்பாவுக்கு வந்திருக்கிறது, மரத்துக்கு மரம் வந்திருக்கிறது. வந்தும் அந்தச் சீட்டை அவர் என் பையில் திருப்பிப் போடவில்லை. தள்ளப்பட்டது என் பயம்தான். இப்போது சிலுவையைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு வெள்ளிமலைப் புளியமரம்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அந்த ஆண்டவரும் சிலுவையில் ஏறுவதற்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் பயந்து வேர்த்துப் போனவர்தானே. அவர் பையில் இருந்ததும் நம்முடைய சீட்டுதான்.

அம்மா உறையைக் கொடுத்த அன்று சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, அட்டையை உறையிலிருந்து எடுத்து, மூன்றாம் வகுப்பில் படித்த மாதிரியே எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, அந்த மீதி ரெண்டு வரியைச் சத்தமாக வாசித்தேன்.