பூட்டுப் போட்ட செய்தி

பிரதேச நிருபர் வேலையில், வந்த செய்திக்கு ஒருவர் ஏசுவார். வராத செய்திக்கு ஊரே ஏசும். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: புத்தளம், கற்பிட்டிப் பக்கம் அச்சுப் பத்திரிகை அனுப்புவதை எங்கள் பத்திரிகைக் கந்தோர் நிறுத்திவிட்டது. இனி எல்லாம் இணையத்தில்தான். தலைப்பையும் முதல் இரண்டு வரியையும் சும்மா வாசிக்கலாம். மீதிக்குப் பூட்டு; திறக்கச் சந்தா கட்டவேண்டும்.

சொன்னவருக்கும் பூட்டு

முந்தலில் ரவூப் நானாவுக்குக் கொஞ்சம் தென்னங்காணி இருக்கிறது. பக்கத்து இறால் பண்ணையின் உப்புத் தண்ணீர் இறங்கி மரங்கள் காய்ந்துகொண்டு வந்தன. பண்ணைக்காரருக்குப் பயந்து அக்கம்பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. இவர் மட்டும் பெயரோடு பேசினார், நான் எழுதினேன்.

செய்தி வந்த அன்றே பண்ணையிலிருந்து ஓர் ஆள் போய், பேப்பருக்கு என்ன சொன்னாய் என்று அவரை மிரட்டியிருக்கிறான். அவரோ இரண்டு வரிக்கு மேல் வாசித்திருக்கவில்லை. உடனே எனக்குப் போன் எடுத்தார். "நான் சொன்ன கதையால எனக்கு அடி விழப்போகுது. அது என்ன கதையெண்டு பாக்கிறதுக்கும் நானே காசு கட்டணுமா தங்கச்சி?"

எங்கள் ஊரின் ஒரே சந்தாக்காரர்

போன் திருத்துகிற கடைக்காரர் ஒருவர் முகநூல் பக்கம் ஒன்றும் நடத்துகிறார். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் சந்தா கட்டியிருப்பவர் அவர் ஒருவர்தான். என் செய்தியை எடுப்பார், பெயரை வெட்டுவார், எங்கேயோ எடுத்த படத்தை ஒட்டிப் போடுவார். கரைத்தீவில் குடிதண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் எழுதியது, அவரிடம் போனதும் தண்ணீரில் நஞ்சு என்று ஆகிவிட்டது. பயத்தில் பல வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "கோவிக்காதீங்க மிஸ். உங்கட நியூஸ ஆக்கள்ட்ட கொண்டுபோய்ச் சேக்கிறது நாங்கதானே?"

தலைப்பு

உச்சமுனையிலிருந்து கடலுக்குப் போன படகு ஒன்று விடிந்தும் திரும்பவில்லை. அதில் எனக்குப் பழக்கமான ஜெசிந்தாவின் புருஷனும் புருஷனின் தம்பியும் இருந்தார்கள். போன் கடைக்காரரின் முகநூல் பக்கத்தில், சடலம் கரையொதுங்கியது என்று ஒரு படத்தோடு போட்டுவிட்டார்கள். நான் கடற்படைக்கும் மீனவர் சங்கத்துக்கும் மாறிமாறிப் போன் எடுத்தேன். கடைசியில் சிலாபத்திலிருந்து தகவல் வந்தது. எஞ்சின் பழுதாகி மிதந்தவர்களை வேறொரு படகு இழுத்துக்கொண்டு போய் அங்கே கரை சேர்த்திருந்தது. இரண்டு பேரும் உயிரோடு மீட்பு என்று தலைப்பிட்டுக் கந்தோருக்கு அனுப்பினேன்.

ஜெசிந்தாவின் போன் கிடைக்கவில்லை. ஸ்கூட்டியில் கற்பிட்டி இறங்குதுறைக்கு ஓடினேன். அவள் மணலில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னேன்; நம்பவில்லை. பக்கத்தில் நின்ற பெண் தன் போனை என்னிடம் நீட்டினாள். திரையில் எங்கள் பத்திரிகைதான். வாசிக்கிறவர்கள் காசு கட்டி உள்ளே வரட்டும் என்று கந்தோரில் தலைப்பை மாற்றியிருந்தார்கள்: 'காணாமல் போன மீனவர்களுக்கு நேர்ந்தது என்ன?' கீழே பூட்டு. என் போனிலிருந்து சிலாபத்துக்கு எடுத்து, புருஷனைத் தேடிப் பிடித்து அவளோடு பேசவைத்தேன்.

பேசி முடித்ததும் ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பித் தந்தாள். "உயிரோட இருக்காங்கண்டு தெரிஞ்சுதானே எழுதினீங்க. அத ஏன் தங்கச்சி ஒளிச்சு வச்சீங்க?"

கந்தோரிலிருந்து போன்

இறங்குதுறையில் நின்றபடியே முழுச் செய்தியையும் என் பெயர் போட்டு வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஒருநாள் பிரதேசப் பக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் போன் எடுத்தார். ஏசவில்லை, ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். படம் எடுப்பவரையும் பிழை திருத்துபவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். தன்னுடைய மேசையும் எத்தனை நாளைக்கோ தெரியாது என்றார். பிறகு சொன்னார்: "நீங்கள் செய்தது சரிதான் தங்கச்சி. ஆனா எல்லாரும் இப்பிடிச் சரியாச் செய்தால், அடுத்த படகைத் தேட உங்களுக்கு ஆர் சம்பளம் தாறது?"

ஆள் பிடித்தது

அதிலிருந்து நானே சந்தாவுக்கு ஆள் பிடிக்கிறேன். தொலைக்காட்சிக்கும் மகனின் போன் விளையாட்டுக்கும் மாதாமாதம் காசு கட்டுகிற டீச்சர் ஒருவரிடம் போனேன். தேத்தண்ணி தந்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "காசு கட்டலாம் மகள். அதுக்கு நீங்க ஒரு நல்ல செய்தியாவது தரணுமே."

இப்போதெல்லாம் செய்தியைக் கந்தோருக்கு அனுப்பிவிட்டு, பூட்டு விழுமுன் அது யார் யாருக்குத் தெரியவேண்டுமோ அவர்களுக்கெல்லாம் போன் எடுத்து வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அச்சு யந்திரம் வருமுன் இந்தத் தொழில் இப்படித்தான் நடந்திருக்கும் போல.