ஏரிக்கரையில் மூச்சிரைக்க

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். அதை ஓட்டம் என்று சொன்னால் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்கள் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒருமுறை கைத்தடியோடு வந்த பெரியவர்கூட என்னை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பி, "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் ஆறுதல் வேறு. மூச்சு மட்டும் மிச்சம் இருந்திருந்தால் சுடச்சுட நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இல்லை, அதனால் சிரித்து வைத்தேன்.

மூச்சு எனக்கு எப்போதுமே பற்றாக்குறைதான். கோலார் தங்கவயலில் பிறந்தவள் நான். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. பின்னால், தங்கம் பிரித்தெடுத்த மண்ணை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். காற்று மாதங்களில் காயப்போட்ட துணி, ஆறவைத்த சோறு, வாரிய தலை எல்லாவற்றிலும் அந்த மண்தான். எனக்குச் சின்ன வயதிலேயே இளைப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குப் பூமிக்கடியில் பாறை துளைக்கிற வேலை. நெஞ்சில் கல்தூள் படிந்து, ஐம்பதைத் தொடுவதற்குள் போய்விட்டார். கடைசி மாதங்களில் எங்கள் சின்ன வீட்டில் அவருடைய மூச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் மூச்சு வாங்கக் கூடாது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் நானோ தம்பியோ விளையாடிவிட்டு இரைக்க இரைக்க உள்ளே வந்தால், அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வருவார். அவர் முகம் வெளுத்துப்போயிருக்கும். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று மூச்சு சீரான பிறகு உள்ளே போகப் பழகிக்கொண்டோம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள். நாங்கள் மூச்சையும் கழற்றிவிட்டுப் போவோம்.

பிறகு பெங்களூர். ஜோகுபாளையத்தில் இரண்டாவது மாடி வீடு, அம்மாவும் நானும். வைட்ஃபீல்டில் ஆபீஸ். கொரோனா தொற்று வந்த வருடம் என் நுரையீரலைக் கந்தலாக்கிவிட்டுப் போனது. அது தேறுவதற்குள் ரத்தசோகை, அது தேறுவதற்குள் முட்டி. உடம்பு முறைவைத்துக்கொண்டு என்னைப் பழிவாங்குகிறது என்று நினைத்தேன். நெஞ்சு டாக்டரம்மா மட்டும் அசரவில்லை. இளைப்புக்கான மருந்து பம்ப்பை வாயில் அடித்துக்கொண்டு முதலில் நடக்கச் சொன்னார், அப்புறம் மெதுவாக ஓடிப் பார்க்கச் சொன்னார். நான் சிரித்தேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, "நீங்க மூச்ச இழுக்குறீங்க, இழுக்குறீங்க, வெளிய விடவே மாட்டேங்குறீங்க. அப்படிச் சேத்து வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

பதில் எனக்குத் தெரியும். மூச்சை உள்ளேயே வைத்துக்கொள்வதுதானே நாங்கள் வளர்ந்த விதம்.

அம்மாவிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "நட. ஆனா ஓடிகீடி வெக்காத. மூச்சு வாங்கிச்சின்னா எங்க கீறியோ அங்கயே ஒக்காந்துடு" என்றார். தலையாட்டினேன். ஓடுவது தெரிந்தால் தடுத்துவிடுவார் என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. என் மூச்சைக் கேட்டால் அவர் மறுபடியும் அந்தப் பழைய மாதங்களுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து அவரை ஒருமுறை மீட்டு வந்ததே பெரும்பாடு. ஏரியை ஒரே ஒரு முறை நிற்காமல் சுற்றி வந்துவிட வேண்டும். அம்மா காதில் அது விழவே கூடாது. என் ஆசை இவ்வளவுதான்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் பாதிக் கனவு மாதிரிதான் இருக்கிறது. பனி இறங்கிய நாட்களில் ஏரியே இருக்காது. எங்கோ வெள்ளைக்குள் நீர்க்கோழி ஒன்று கூப்பிடும், பதில் வரும். பக்கத்து ராணுவ முகாமிலிருந்து பனியன் போட்ட படைவீரர்கள் கூட்டமாக ஓடி வருவார்கள். காலடிச் சத்தம் முதலில், ஆட்கள் பின்னால், அப்புறம் மறுபடியும் வெறும் சத்தம். தூங்குமூஞ்சி மரங்கள் ரோஜா நிறத்தில் பூவை உதிர்த்துவைத்திருக்கும். அதன்மேல் ஓடினால் என் காலடி எனக்கே கேட்காது. டாக்டரம்மா சொன்னபடி மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டு, விட்டது பனியில் கலந்து போவதைப் பார்த்துக்கொண்டு ஓடுவேன். சில நிமிடங்கள் எனக்கு வயதில்லை, உடம்பு என் உடம்பில்லை, ஆபீஸ் இல்லை. அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

பிறகு யாராவது சருகைக் கொளுத்துவார்கள். ஒரு இழுப்புதான், நெஞ்சு பூட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுக்கை, ஆவி பிடித்தல், முதலிலிருந்து நடை. முட்டி ஒரு மழைக்காலத்தையே விழுங்கியது. விட்டுத்தொலை என்று ஷூவைப் பரணில் போட்டேன், மறுவாரம் நானே ஏணி போட்டு எடுத்தேன்.

கடைசியில் ஒரு மார்கழிக் காலை. அன்று என்னவோ மூச்சு தானாகவே போய்வந்துகொண்டிருந்தது. வழக்கமாக நின்றுவிடுகிற இரும்புக் கேட் வந்தது, போனது. படகுத்துறை வந்தது, போனது. யாரோ என்னைத் தண்ணீர்மேல் தள்ளிவிட்டு, நான் மிதந்துகொண்டே போவதுபோல இருந்தது. கடைசி வளைவில் பனி கொஞ்சம் விலகியது. சிமெண்ட் பெஞ்சில், சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு யாரோ ஒரு அம்மா. இன்னும் கிட்டே போனேன். என் அம்மா.

வாயை மூடிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, பழக்கம். இரைத்த மூச்சை அப்படியே விழுங்கினேன். நெஞ்சு அடைத்துக்கொண்டது, கண் இருட்டியது, கால் நின்றுவிட்டது. சுற்று முடிய இன்னும் கொஞ்சதூரம்தான் இருந்தது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"விடுடி மூச்ச" என்றார் அம்மா.

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன், மூக்கால் மட்டும் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

"தெனமும் நம்ம வீட்டுக் கீழ கேட்டாண்ட நின்னு, மூச்சு அடங்குனப்புறம் மேல ஏறி வர்ற. நான் பால்கனிலேர்ந்து பாத்துகினுதான் கீறேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஏரியைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்கப்பாவும் இப்டிதான். ஷிஃப்ட் முடிஞ்சி வந்து லைன் கோடியிலயே நின்னுடுவாரு. எல்லாம் சரியானப்புறம் சிரிச்சிகினே உள்ள வருவாரு. ரொம்ப நாளு கழிச்சி அடுத்த வீட்டுக்காரம்மா சொல்லிதான் எனக்கே தெரியும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி." சால்வை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒளிச்சிக்காத. என் எதுர்லயே வாங்கு. சத்தமா வாங்கு, நான் கேக்கணும்."

விட்டேன். அவ்வளவு நேரம் பிடித்துவைத்தது, அசிங்கமாக, விசிலும் கரகரப்புமாக வெளியே வந்தது. நடைபோகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்துபோட்டு, அம்மாவுக்கு எதிரில் வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாக மூச்சு வாங்கினேன். அம்மா பெஞ்சின் விளிம்பை இறுக்கப் பிடித்திருந்தார். பயந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் எழுந்து போகவில்லை. பம்ப்பை எடுத்து அடித்துக்கொண்டேன். விசில் குறைந்தது. கரகரப்பு குறைந்தது. கொஞ்ச நேரத்தில் நான் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருத்தியாகிவிட்டேன்.

"தானா தணிஞ்சிடுச்சே" என்றார் அம்மா.

அவர் குரலில் இருந்த ஆச்சரியம் என்னை உலுக்கிவிட்டது. அப்பா, நான், தம்பி எல்லோருமாகச் சேர்ந்து, தணிகிற மூச்சையெல்லாம் அவரிடமிருந்து ஒளித்துவிட்டோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் அப்பாவின் தணியாத அந்தக் கடைசி மூச்சை மட்டும்தான்.

என் முதுகில் கையை வைத்து லேசாகத் தள்ளினார்.

"போ, மீதி கீறதையும் ஓடிட்டு வா. வந்து இங்கயே மூச்சு வாங்கு."