காய்ச்சல் கண்ட தலையணை

ஆளில்லாத கட்டிலில் கிடந்த ஒரு தலையணைக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. இப்படிச் சொன்னால் எனக்கு விசர் என்று நினைப்பீர்கள். அதனால்தான் போன இரண்டு ஜெபக் கூட்டத்திலும் வாயைத் திறக்காமல் இருந்தேன். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது மணிக்கூட்டைப் பார்க்கிறவள் நான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கர்த்தர் செய்ததை மறைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

எங்களுக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். ரூத் பதினொரு நிமிடம் மூத்தவள். எஸ்தர் மூச்சில்லாமல் பிறந்தவள். பிறகும் இழுப்பு, ஊசி, ஆஸ்பத்திரி என்றே வளர்ந்தாள். ரூத்துக்குச் சளி, தடிமன் வந்தால்கூட இரண்டு நாளில் போய்விடும். அவள் இரும்பு, அவளுக்கு ஒன்றும் வராது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பேன். கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டில் ஒரே அறையில், ஒரே கட்டிலில் வளர்ந்தவர்கள். ஒருத்தி தும்மினால் மற்றவளும் தும்முவாள்.

இந்த வருடம் இருவருக்கும் கம்பஸ், பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. எஸ்தருக்கு யாழ்ப்பாணம், ரூத்துக்கு மட்டக்களப்பு. ஊர் முழுக்க வாழ்த்தியது, நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன். எஸ்தரோடு கூடவே போய் ஒரு கிழமை நின்று, அறை, சாப்பாடு, மருந்து எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டு வந்தேன். ரூத் தன்பாட்டில் பஸ் ஏறினாள்.

சின்ன வயதிலிருந்தே விடிய ஆறு மணிக்கு இருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பது என் வழக்கம். நீங்கள் போனாலும் உங்கள் தலையணையில் கை வைத்து ஜெபிப்பேன் என்று சொல்லியிருந்தேன். நீல உறை எஸ்தருடையது, மஞ்சள் உறை ரூத்துடையது. மஞ்சளுக்கு ஒரு நிமிடம் போதும். நீலத்துக்கு முழங்கால் விறைக்கும் வரை ஜெபிப்பேன்.

அன்றைக்குப் புதன்கிழமை. நீலத் தலையணையில் மோதிரம் போட்ட கையை வைத்தேன், சுட்டது. வெயில் இன்னும் அறைக்குள் வரவில்லை. என் கணவர் இவரைக் கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "உமக்குத்தான் கை சுடுது" என்று சொல்லிப் பேப்பர் பார்க்கப் போய்விட்டார். எஸ்தருக்கு எடுத்தேன். போனில் கேட்டேன், இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம், சுகமாம்.

வியாழக்கிழமையும் அதே சூடு, அதே போன். வெள்ளிக்கிழமை இன்னும் கூடச் சுட்டது. உறை ஈரமாகவும் இருந்தது. நடுவில் தலை வைத்துப் படுத்த மாதிரி ஒரு குழி. தட்டிச் சரிசெய்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்க்கிறேன், குழி அப்படியே இருந்தது. திரும்ப எஸ்தருக்கு எடுத்தேன். சலித்துக்கொண்டாள். ரூத்திடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது, தலையிடியாம், படுத்திருக்கிறாளாம். தேத்தண்ணி போட்டுக் குடி என்று எழுதிவிட்டு விட்டுவிட்டேன். தேவன் என்னை மன்னிப்பாராக.

சனிக்கிழமை அந்தத் தலையணை குளிர்ந்துபோய்க் கிடந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி. காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. டெங்கு என்றால் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று கொழும்பில் யாருக்குத் தெரியாது? இவரும் வந்து தொட்டார். கையை இழுத்துக்கொண்டு சுவரோடு போய் நின்றார்.

நான் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. என்ர கண்ணைத் திறவும்" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. ஆமென் சொல்லி முடிக்கவில்லை, எஸ்தர் தானே போன் எடுத்தாள். ஏன் மூன்று நாளாகக் காய்ச்சலோ காய்ச்சலோ என்று கேட்கிறேன் என்று சண்டைக்கு வந்தாள். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, நீல உறையோ?"

"ஓம், உன்ரதான்."

"உறைதான் என்ர. உள்ளுக்க இருக்கிறது அக்கான்ர தலையணை. போறதுக்கு முதல் நாள் அவதான் மாத்தினவ. எனக்குத்தான் நீங்கள் கனநேரம் ஜெபிக்கிறனீங்களாம். தனக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் எண்டு சொன்னவ."

ரூத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவள் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மாவுக்கு எடுத்தோம். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ரூத்தும் போயிருப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். கதவைத் தட்டியும் பதில் இல்லை. கொண்டியை உடைத்தார்கள். என் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது, மூச்சு இருந்தது.

டெங்குதான். பிரஷர் நன்றாக இறங்கிவிட்டது, மத்தியானம் வரை விட்டிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். நாங்கள் வான் பிடித்து மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள்தான் ஒழுங்காகக் கதைத்தாள்.

"அம்மா, காய்ச்சல் நேரம் ஒவ்வொரு நாளும் விடிய ஆரோ என்ர தலையில கை வச்சவை. உங்கட மோதிரம் நெத்தியில உரசினது."

ஏனம்மா காய்ச்சல் என்று சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் வராது எண்டு நீங்கள்தானே சொல்லுவீங்கள்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை உடைத்தது. அந்த வார்டில், ஆட்கள் பார்க்கப் பார்க்க, என் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவளுக்கு இப்போது பூரண சுகம். கர்த்தருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. ஆள் மாறி ஜெபித்த இந்தத் தாயின் ஜெபத்தையும் அவர் தள்ளவில்லை. யாருக்குத் தேவையோ அவளிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது ஒவ்வொரு நாளும் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் எடுக்கிறேன், ரூத்துக்குத்தான் முதலில். "சும்மா எடுக்காதேங்கோ, எனக்கு வகுப்பு" என்று எரிந்து விழுகிறாள். நான் விடுவதில்லை.

நீங்களும் அவரை நம்புங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முழங்காலில் நில்லுங்கள். உங்களுக்கு ஒரு கரைச்சலும் தராத பிள்ளை ஒன்று இருக்கும். அதன் பெயரை முதலில் சொல்லுங்கள்.