நான் தூது போக மறுத்த வாரம்

அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியபோது எனக்கு எட்டு வயது. ஃபாரஸ்ட் கேட்டில் இருவரும் சேர்ந்து நடத்திய பலசரக்குக் கடையில் ஒருவர் கல்லாவில் இருப்பார், மற்றவர் தட்டுகளில் சாமான் அடுக்குவார். எங்கள் ஆட்கள் கோபித்துக்கொண்டால் விலகிப் போவதில்லை. ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்திவைத்து, அதன் வாயால் பேசுவார்கள். அந்தப் பிள்ளை நான்.

சித்தப்பா நகரின் மறுகோடியில், நோர்பரியில், தனிக்கடை போட நினைக்கிறார் என்பதை அம்மா போனில் யாரிடமோ சொன்னபோது ஒட்டுக் கேட்டிருந்தேன். அந்தக் கதையை மட்டும் இருவரும் என்னிடம் தந்தனுப்பவில்லை. தந்ததெல்லாம் உதைபந்தாட்டக் கதை.

அந்தப் பருவத்தில் எங்கள் அணியின் முன்கள வீரர் மனேஜரோடு முறுகிக்கொண்டு, வேறு அணிக்குப் போகவேண்டும் என்று பயிற்சிக்கே வராமல் நின்றார். வளர்த்துவிட்ட இடத்தை மறந்தவன் என்று சொல்லச் சொன்னார் அப்பா. பெஞ்சிலேயே இருத்தி வைத்தால் யார்தான் நிற்பான் என்று கேட்கச் சொன்னார் சித்தப்பா. அவரோ அந்த வீரரின் பெயர் எழுதிய ஜேர்சியைத்தான் தினமும் போட்டுக்கொண்டு வருவார். வாடிக்கையாளர்கள் சும்மா விடுவார்களா? அதை நிலம் துடைக்கத் தருவாயா என்று ஒருவர் கேட்பார். முதுகிலிருக்கும் பெயரை மறைத்து ஒட்ட டேப் வேண்டுமா என்று இன்னொருவர் கேட்பார். சித்தப்பா சிரிப்பார், கழற்றமாட்டார்.

இருவரையும் நேருக்கு நேர் பேச வைத்துவிட்டால் சித்தப்பா போகமாட்டார் என்பது என் முடிவு. நான் பிடித்தால் பிடிதான்.

பால் வாங்க வரும் ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் எனக்கு அந்த ஊர்ப் பழைய ஆட்களின் கொக்னிப் பேச்சு பழக்கியிருந்தார். 'ஸ்டெயர்ஸ்' என்ற மாடிப்படியை 'அப்பிள்ஸ் அண்ட் பெயர்ஸ்' என்பார், 'லைஸ்' என்ற பொய்யை 'போர்க் பைஸ்' என்பார். ஓசை ஒத்துப்போனால் போதும், பொருள் எங்கே கிடந்தால் என்ன. இனிச் செய்தியெல்லாம் அந்தப் பாஷையில்தான் என்று அறிவித்தேன். விளங்காவிட்டால் ஒருவரையொருவர் கேட்டுத்தானே ஆகவேண்டும்? அவனுக்குத் தலை கனத்துவிட்டது என்று அப்பா சொல்லியனுப்பியதை, 'ஹெட்'டுக்கு ஓசை ஒத்த 'லோஃப் ஒஃப் பிரெட்' கனத்துவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா பாண் அடுக்கிய தட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அந்தக் கிழவர் அங்கேயே நின்றிருந்தார். மனுஷனுக்கு ஒரே கொண்டாட்டம். வரிக்கு வரி விளக்கம் சொல்லி என் திட்டத்தைக் குட்டிச்சுவராக்கினார். இப்போது தூதர்கள் இரண்டு பேர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. இனி எந்தப் பாஷையிலும் சொல்வதில்லை என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். அப்பா அதட்டினார், சித்தப்பா சொக்லேட் காட்டினார். சொக்லேட்டை வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த வீரர் வேறு அணிக்குப் போய்விட்டார் என்று செய்தி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்கள். கடையில் நாங்கள் மூவர்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா கல்லாவைப் பார்த்தபடியே சொன்னார்: "போறவன் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்."

சித்தப்பா ஏணியில் நின்றார். இறங்கவில்லை. "சொன்னால் விட்டிருப்பியளோ, அண்ணை?"

"மறிச்சிருப்பன். பிறகு பெட்டியையும் தூக்கிக் குடுத்திருப்பன்."

சித்தப்பா கையிலிருந்த பருப்புப் பையை ஏணியின் மேற்படியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். வென்றுவிட்டேன் என்று அம்மாவிடம் ஓடினேன். அவர்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

அடுத்த வாரம் சித்தப்பா நோர்பரிக்குப் போனார். வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றியது அப்பாதான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்துவைத்த பிறகும் போகிறாரே என்று கதவுக்குப் பின்னால் நின்று குமுறினேன், கையசைக்கவும் போகவில்லை. அண்ணனோடு பேசாமல் இருந்த வரைக்கும் சித்தப்பாவால் அந்தக் கடையை விட்டு ஓரடியும் நகர முடியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.