பெட்டியில் வைக்காத நகை

பினாயில் வாசனை எங்கே அடித்தாலும், அது ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, கல்யாண மண்டபமாக இருந்தாலும் சரி, இன்றைக்கும் என் கை தானாகக் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கும். ஏனென்றால் அந்த வாசனையை நான் முதன்முதலாக முகர்ந்தது தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு லாட்ஜ் ரூமில், எங்கக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள், எங்கள் தகரப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு தரையில் கிடந்தபோது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத இதை எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுக்கு ஏரியூர் பக்கம். சரோஜா அக்காவைக் கடத்தூர்ப் பக்கம் கொடுப்பதாகப் பேசி, கல்யாணம் தருமபுரியில் ஒரு மண்டபத்தில் என்று முடிவாகியிருந்தது. சாயங்காலம் பெண் அழைப்பு நடக்கும்வரை பெண் மண்டபத்து வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால் மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு லாட்ஜில் ஒரு ரூம் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். உறவுக்காரர்கள் எல்லாம் சாயங்காலம் லாரியில் வருவதாக ஏற்பாடு, நாங்கள் நாலு பேர் மட்டும், அதாவது அப்பா, அம்மா, அக்கா, நான், காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டோம்.

அந்தப் பஸ்ஸில் எங்கப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த அழகை இப்போது நினைத்தாலும் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கத்து சீட்டுக்காரர், "என்னங்க, பொட்டிய இந்தப் புடி புடிச்சிருக்கீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், "பொண்ணு கல்யாணங்க, நக இருக்குது" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினார். கண்டக்டருக்கும் சொன்னார், பென்னாகரத்தில் ஏறின ஒரு வெற்றிலைக்காரிக்கும் சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய காலடியில் ஒரு துணிப்பை இருந்தது, அதில் இரண்டு "புளி உருண்டை". எங்கள் பக்கத்தில் கொட்டை எடுத்த புளியை உப்புப் போட்டு இடித்துத் தேங்காய் அளவுக்கு உருண்டை பிடித்து வைப்பார்கள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அதைத்தான் எடுத்துக்கொண்டு போவோம். ஒரு உருண்டையை மந்தாரை இலையில் கட்டியிருந்தாள், இன்னொன்றை, கொஞ்சம் பெரிசு, பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்தாள்.

லாட்ஜில் மேனேஜர் மேஜைக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தது. படிக்கத் தெரிந்த பெருமையில் நான் எழுத்துக் கூட்டி, "விலை உயர்ந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று சத்தமாகப் படித்தேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "பாப்பா படிச்சிட்டுது, பெரியவங்க கேட்டுக்குங்க. நக நட்டு இருந்தா எங்கிட்டக் குடுங்க, பீரோவுல வெச்சிப் பூட்டிடறேன்" என்றார். அப்பா, "எம் பொட்டிய நான் பாத்துக்கறேங்க" என்று சொல்லிவிட்டார். ரூமுக்குப் போனதும் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மத்தியானம் அம்மா எங்கள் இருவரையும் வளையல் போடக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வரும்போது படியிலேயே அப்பாவின் சத்தம் கேட்டது, அது அழுகையா கூச்சலா என்று எனக்குப் புரியவில்லை. கதவுப் பூட்டு நாதாங்கியோடு பிடுங்கிக் கிடந்தது. பெட்டி நடு ரூமில் கிடந்தது, அப்பாவின் புது வேட்டி இல்லை, வெள்ளிக் குங்குமச் சிமிழ் இல்லை, துணியெல்லாம் இறைந்து கிடந்தது. அப்பா தலையிலடித்துக்கொண்டு, "நக போச்சே, எம் பொண்ணு வாழ்க்க போச்சே" என்று அழ, மேனேஜர் வாசலில் நின்று, "நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே" என்றதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேசின நகை கழுத்தில் இல்லாமல் பெண் அழைப்பில் போய் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும், எங்கள் ஊரில் ஒரு பெண் அப்படித் திரும்பி வந்திருந்தாள், அதற்கப்புறம் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஆனால் அம்மாவைப் பார்த்தேன், அவள் அழவில்லை. மேனேஜரைப் பார்த்து, "நீங்க போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று கதவைச் சாத்திவிட்டு, "எதுக்கு இப்பிடிக் கத்தறீங்க? அந்தப் பொட்டியில நக எங்க இருந்துச்சி? கொட்ட எடுக்கற சாக்குல ஒவ்வொண்ணா அந்தப் புளிக்குள்ள வெச்சி உருட்டிட்டேன். காவல் காக்கற பொட்டியத்தான கள்ளன் பாப்பான்" என்றாள். சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. துணிப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். மந்தாரை இலை உருண்டை மட்டும் உருண்டு வந்தது.

அம்மா முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். "பெரிசு எங்க?" என்று கேட்ட குரல் அவளுடையதாகவே இல்லை.

அப்பா தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா, எங்களுக்கு வசதியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். வந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்புவதா என்று, "பெரிசா இருக்கறதக் குடுத்தாத்தான மரியாதன்னு" துணியில் சுற்றினதை எடுத்துக் கொடுத்து, கதவைப் பூட்டிவிட்டு டீக்கடை வரைக்கும் அவரோடு போய் வழியனுப்பிவிட்டு வந்தாராம். அந்த நேரத்தில்தான் கள்ளன் வந்து போயிருக்கிறான். கள்ளன் தொடாததை எங்கப்பா தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தார்.

"நான் போயிக் கேட்டு வாங்கியாறேன்" என்று அப்பா எழுந்தார். "ஒக்காருங்க" என்றாள் அம்மா. "சீர் குடுத்தத திருப்பிக் கேட்டா சம்பந்தம் நிக்குமா? உள்ள நக இருக்குதுன்னு சொன்னா, சொன்ன நிமிசமே பத்துக் கை உள்ள போவும். ஒண்ணு கொறஞ்சாலும் நாம வெக்கவே இல்லன்னுதான் பேசுவாங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். எங்கம்மா எங்கேயும் முன்னால் போய்ப் பேசத் தெரியாதவள், சந்தையில்கூட விலை கேட்கக் கூச்சப்படுவாள், அந்தக் கூச்சம்தான் எனக்கும் வந்திருக்கிறது. அன்றைக்கு என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் புது வளையல் இரண்டு உடைந்துபோனது, அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

மண்டபத்துப் பின்கட்டில் சமையல் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய அண்டாவில் புளி ஊறிக்கொண்டிருக்க, சமையல்காரர் கரண்டியும் கையுமாக நின்று, "புளியத் தொடாதன்னு சொல்லிட்டா கொழம்பு எப்பங்க கொதிக்கிறது?" என்று அலுத்துக்கொண்டிருந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், அந்தப் பெரியப்பாவின் சம்சாரம், பெரியம்மாக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தாள். பழைய சேலைத் துணி அவிழ்ந்து தரையில் கிடந்ததைப் பார்த்ததும் அம்மா என் கையை விட்டுவிட்டு நேராக அண்டாவிடம் போனாள்.

"சம்மந்தியம்மா, எங்க ஊருப் புளி ஊறிடுச்சா? நானே கரைச்சிக் குடுத்துடறேங்க, அது கொஞ்சம் கெட்டிப் புளி" என்று அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியம்மாக்காரி கைகொட்டிச் சிரித்தாள். "பாருங்கடி அதிசயத்த! பொண்ணு வூட்டுக்காரி புளி கரைக்க வந்திருக்கா. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆத்தா முன்னாடியே வந்து வேல காட்றாப்பல!"

அம்மா கையை முழங்கைவரை அண்டாவுக்குள் விட்டுப் பிசைந்தாள். சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது, நான் போய் அந்தப் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பாவாடையை அகலப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சக்கையைப் பிழிவாள், கை மடிக்குப் போகும், திரும்பத் தண்ணீருக்குள் போகும். சங்கிலி வந்தது. வளையல்கள் வந்தன. மோதிரம் வந்தது. ஒரு ஜிமிக்கி வந்தது. இன்னொரு ஜிமிக்கி வரவில்லை. அம்மா அடிவரைக்கும் துழாவினாள், பிழிந்த சக்கையையே மறுபடியும் பிழிந்தாள், அவள் நெற்றி வேர்வை புளித்தண்ணீரில் சொட்டியது. "இன்னுமா கரையல? உங்க ஊருப் புளி உங்க மாதிரியே அழுத்தந்தான்" என்று பெரியம்மா என்னை நகர்த்திவிட்டு எட்டிப் பார்க்க வந்தாள்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு, "அக்கா, நீங்க போயிப் பூ வந்துதான்னு பாருங்க, சம்மந்திக்கு நான் கூட இருக்கறேன்" என்று அந்தம்மாவை அனுப்பினார். பிறகு எங்கம்மா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, உதவி செய்கிற மாதிரி தன் கையையும் அண்டாவுக்குள் விட்டார். எங்கம்மா உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கலங்கின தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை, பின்னால்தான் அம்மா சொன்னாள், அந்தக் கை வந்து அவள் கையைத் திறந்து, ஜிமிக்கியை வைத்து, மூடிவிட்டதாம்.

"உருண்டையப் பிட்டுப் போடறப்பவே ஒண்ணு கையில வந்திச்சிங்க" என்றார் அந்தம்மா, உதடு அசையாமல். "மீதி தண்ணிக்குள்ள போயிடுச்சி. எடுத்தா எங்க அக்கா பாத்துடுவாங்க. யாராச்சும் வருவீங்கன்னு அண்டாவத் தொட வுடாம இங்கியே குந்திக்கினு இருக்கறேன்." பிறகு தன் கையை வெளியே எடுத்துக்கொண்டே, "எங்க வூட்ல நான் வெக்கறது உப்புப் பானையிலங்க" என்றார்.

அம்மா அப்போதுதான் அழுதாள். புளி கண்ணில் பட்டுவிட்டது என்று சமையல்காரரிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பெண் அழைப்பில் அக்கா மேலிருந்த நகை ஜொலித்த ஜொலிப்பைப் பார்த்து அந்தப் பெரியம்மாவே, "புதுசா பண்ணதா? என்னமா மின்னுது!" என்று வாய் பிளந்தாள். இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா மட்டும் வெகுநாள்வரைக்கும், "எம் பொண்டாட்டி என்னையும் வெறும் பொட்டின்னே நெனச்சிட்டா" என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். அம்மா அதற்கு, "ஒருத்தருக்காச்சும் சொல்லி வெச்சிருக்கணுந்தான், தப்பு எம்மேலதான்" என்பாள். அதன்பிறகு எந்த ஊருக்குக் கிளம்பினாலும், நகையை எதற்குள் வைத்திருக்கிறாள் என்று கடத்தூர்ச் சம்பந்திக்குச் சொல்லிவிட்டுத்தான் போவாள், அந்தம்மாவும் அப்படியே எங்கம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு பேத்தி கல்யாணத்துக்காக என் மகளோடு தருமபுரியில் ஒரு ஓட்டலில் தங்கினேன். லிப்ட் வைத்த ஓட்டல், பினாயில் வாசனைக்குப் பதில் ஏதோ பூ வாசனை அடித்தது, பழைய லாட்ஜ் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அலமாரிக்குள் ஒரு சின்ன இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டி, "சங்கிலியக் கழட்டி இதுல வெச்சிடும்மா, நம்பர் போட்டுட்டா யாராலயும் தொறக்க முடியாது" என்றாள் மகள்.

"நம்பர மறந்துட்டா?"

"கீழ சொன்னா அவங்க வந்து தொறந்து குடுப்பாங்க."

நான் அந்தப் பெட்டியை மூடிவிட்டேன். எங்கப்பாவும் அம்மாவும் போய் வெகுகாலம் ஆகிறது, கடத்தூர்ச் சம்பந்தியும் போய்விட்டார், அந்த ஜிமிக்கியைக் கடைசிவரை கழற்றாத அக்காவும் போன வருஷம் போய்விட்டாள். அந்தப் புளி ரகசியம் தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். மகள் குளிக்கப் போனபோது சங்கிலியைக் கழற்றி வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். அவள் வந்ததும் கிட்டே கூப்பிட்டு, காதில் மட்டும் சொன்னேன். "அய்யோ அம்மா, அதுக்குள்ளயா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எதற்குள் என்று இங்கே எழுத மாட்டேன்.